குட்டியா தீனியா: தாய் எலியின் தேர்வை எப்படி அளப்பது?

மூஞ்சூறு (கேள்வி)

வணக்கம். ஈன்ற பெண் விலங்கின் முடிவுகள் ஈனாத விலங்கின் முடிவுகளிலிருந்து எப்படி மாறுகின்றன என்பதை அளக்க ஒரு சோதனைத் திட்டம். விலங்கு, ஆய்வகத்து வெள்ளை எலி. டி வடிவப் பாதையில் ஒரு கையின் முனையில் துளையிட்ட டப்பாவுக்குள் மூன்று குட்டிகள், மறு கையின் முனையில் சர்க்கரை உருண்டை. ஈன்று ஐந்து நாளான 10 தாய்கள், ஈனாத 10 எலிகள். முதல் நாள் மாலையே தீனியை எடுத்துவிட்டு, காலையில் ஒவ்வொன்றையும் பத்து முறை ஓட விடுவது. எந்தப் பக்கம் எத்தனை முறை திரும்பியது என்று எண்ணுவது.

மூன்று சந்தேகங்கள். இது போதுமா? தாய் குட்டிப் பக்கம் திரும்பினால் அதை முடிவு என்று சொல்லலாமா, ஹார்மோன் இழுத்த இழுப்பு என்றுதான் சொல்ல வேண்டுமா? அடுத்தது, குட்டியைத் தின்பதும் கூட்டை விட்டுப் பறந்துவிடுவதும் தாய்கள் செய்வதுதான். இதையும் பாசத்தையும் ஒரே கணக்கில் எப்படி வைப்பது? ஆடு, பறவை, காட்டு விலங்கு, பூச்சி என்று எதில் அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள்.

நெடுவால்

திட்டத்தை இப்படியே ஓட்டினால் எண்கள் வரும். அவை எதைச் சொல்கின்றன என்பதில்தான் சிக்கல்.

முதலில் தீனியை நிறுத்துவதை விடுங்கள். பால் சுரப்பு உச்சத்துக்கு வரும்போது, அதாவது ஈன்று இரண்டு வாரம் ஆகும்போது, தாய் எலி வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு தின்னும். ஐந்தாம் நாளிலேயே அந்த ஏற்றம் தொடங்கிவிடும். ஈனாத எலிக்கு ஓர் இரவுப் பட்டினியும் பாலூட்டும் எலிக்கு ஓர் இரவுப் பட்டினியும் ஒன்றல்ல. பட்டினி போட்டால் பால் குறையும், குட்டி வாடும், உடல் சூடு இறங்கும், குரல் மாறும். ஒரு பக்கத்துத் தராசை மட்டும் தொட்டதாக நீங்கள் நினைப்பீர்கள். இரண்டு பக்கமும் ஆடியிருக்கும்.

இரண்டாவது, குட்டியையும் உருண்டையையும் நேரில் வைப்பது. கூட்டிலிருந்து பிரிந்த குட்டி மனிதக் காதுக்கு எட்டாத ஒலியில், 40 கிலோஹெர்ட்ஸ் சுற்றி, கத்திக்கொண்டே இருக்கும். அந்த ஒலியும் வாசனையும் பாதையின் தொடக்கத்திலேயே தாயை வந்து தொட்டுவிடும். உருண்டைக்குக் குரல் இல்லை. எனவே எது அதிக மதிப்பு என்பதை விட்டுவிட்டு, எது அதிகம் கூப்பிடுகிறது என்பதை அளக்கிறீர்கள்.

இதற்கு இடவிருப்பச் சோதனைதான் சரி. மூன்று அறைப் பெட்டி வேண்டும். பக்க அறைகள் இரண்டும் சுவர்க் கோலத்திலும் தரைச் சொரசொரப்பிலும் வேறுபட வேண்டும். நடுவறை வெறுமை. முதல் நாள் எலியை மூன்றிலும் உலவ விட்டு, எதன் மேலாவது முன்கூட்டியே சாய்வு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு ஒரு நாள் ஓர் அறையில் குட்டிகளோடு, மறுநாள் மற்ற அறையில் போட்டிப் பொருளோடு (உங்கள் திட்டத்தில் சர்க்கரை உருண்டை), இப்படி மாற்றி மாற்றி அடைத்துப் பழக்க வேண்டும். பாதி எலிகளுக்கு அறைகளை இடம் மாற்றி ஒதுக்குங்கள். சோதனை நாளில் இரண்டு அறையும் காலி. வாசனையைத் துடைத்துவிட்டு, கதவுகளைத் திறந்து, எந்த அறையில் எத்தனை நிமிடம் தங்குகிறது என்று பாருங்கள். அங்கே கூப்பிட ஒன்றும் இல்லை. நினைவில் இருக்கும் மதிப்பு மட்டுமே அதை நடத்தும்.

2001இல் வெளியான ஒரு சோதனை இந்த முறையில்தான் செய்யப்பட்டது. ஓர் அறை குட்டிகளுக்கு, மற்றது கோகெய்னுக்கு. ஈன்று எட்டாம் நாளில் பெரும்பாலான தாய்கள் குட்டி அறையை நாடின. பதினாறாம் நாளில் பெரும்பாலானவை கோகெய்ன் அறைக்கு மாறின. எலி அதே இனம், பெட்டி அதே பெட்டி, மருந்தும் அதே மருந்து. மாறியது குட்டியின் வயது. எட்டாம் நாள் குட்டிக்கு ரோமம் இப்போதுதான் படர்கிறது, கண் மூடியிருக்கிறது, தாயின் சூடு இல்லாவிட்டால் குளிர்ந்துவிடும். பதினாறாம் நாள் குட்டி கண் திறந்து, கூட்டை விட்டு நடந்து, தாயின் தீனியைக் கொறிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே "தாய் எலி" என்று ஒரே குழுவாக எழுதாதீர்கள். ஈன்று எத்தனையாவது நாள் என்பது சோதனையின் ஒரு மாறி.

இப்போது உங்கள் இரண்டாவது சந்தேகம். ஈனாத பெண் எலிக்குக் குட்டி என்றாலே ஆகாது. மோந்து பார்த்துவிட்டு விலகும், சில நேரம் கடித்தும்விடும். ஆனால் தினமும் புதுக் குட்டிகளைக் கூண்டில் வைத்துக்கொண்டே வந்தால், ஐந்து முதல் ஏழு நாளில் அவற்றைக் கவ்விச் சேர்க்கவும் மேலே கவிந்து படுக்கவும் தொடங்கிவிடும். 1967இல் ரோசன்பிளாட் காட்டியது இது. (குட்டிகளை நாள்தோறும் மாற்றியே ஆக வேண்டும். ஈனாத எலிக்குப் பால் இல்லை, குட்டி செத்துவிடும். முந்தைய குட்டிகளை உண்மைத் தாயிடம் திருப்பி ஊட்ட விடுங்கள்.) மோப்பத்தை மழுக்கிவிட்டால் இந்த மாற்றம் இன்னும் விரைவாக வருகிறது. ஈன்ற எலியின் இரத்தத்தை ஏற்றினால் ஒரு நாளுக்குள் வந்துவிடுகிறது. அப்படியென்றால் குட்டியைச் சேர்க்கும் திறன் ஈனாத எலிக்குள்ளும் இருக்கிறது. அதன் மேல் ஒரு வெறுப்பு உட்கார்ந்திருக்கிறது. ஈனும் தறுவாயில் புரோஜெஸ்டிரோன் சரிந்து, ஈஸ்ட்ரோஜன் ஏறி, புரோலாக்டினும் ஆக்ஸிடோசினும் சேர்ந்து அந்த வெறுப்பை இறக்கி, ஈர்ப்பை ஏற்றுகின்றன. ஹார்மோன் காலைப் பிடித்து இழுப்பதில்லை. தராசின் தட்டில் எடையை மாற்றி வைக்கிறது. தராசு தராசாகவேதான் இருக்கிறது.

இதைக் கண்ணெதிரே காட்ட ஹாலோபெரிடால் உதவும். மூளையில் நாட்டத்தைத் தூண்டும் டோபமைன் என்ற சேதிப்பொருளைத் தடுக்கும் மருந்து. அளவாகக் கொடுத்தால், தாய் எலி அறையின் மூலையில் கிடக்கும் குட்டியைப் போய்த் தூக்கி வராது. அதே குட்டியை அதன் வயிற்றடியில் கொண்டுபோய் விட்டால் முதுகை வில்லாக வளைத்து, நான்கு காலையும் ஊன்றி, அசையாமல் நின்று பாலூட்டும். போய் எடுப்பது வேறு, வந்ததை ஏற்பது வேறு என்று இரண்டும் பிரிந்து தெரிகின்றன. டி பாதை முதலாவதை மட்டுமே அளக்கும். இரண்டாவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

குழுக்களைப் பற்றி: தாய் எதிர் ஈனாதது என்ற இரண்டே குழு போதாது. ஈன்றவுடன் குட்டிகளை எடுத்துவிட்ட தாய் (ஹார்மோன் கிடைத்தது, பழக்கம் கிடைக்கவில்லை), குட்டியோடு பழக்கிய ஈனாத எலி (பழக்கம் உண்டு, கர்ப்பம் இல்லை), இவை இரண்டும் இல்லாமல் வேறுபாட்டின் காரணத்தைப் பிரிக்க முடியாது. ஈனாத எலிகளுக்குப் பருவச் சுழற்சி நான்கைந்து நாள். அதில் எந்த நாள் என்பதும் உலவலையும் தீனியையும் மாற்றும். ஆண் சேரும் இரவில் தீனி தெளிவாகக் குறையும். தினமும் யோனித் துடைப்பு எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். உட்கருவுள்ள உருண்டைச் செல்கள் இருந்தால் சேர்க்கைக்கு முந்தைய கட்டம், உட்கரு இழந்த தட்டைச் செதில்கள் குவிந்திருந்தால் சேர்க்கைக் கட்டம், வெள்ளணுக்கள் நிறைந்திருந்தால் அதற்குப் பிந்தையது.

கிடைக்காரர்

ஆட்டில் இதே விஷயம் இன்னும் கறாராக நடக்கும். எலி எந்தக் குட்டியையும் சேர்த்துக்கொள்ளும். செம்மறி தன் குட்டியை மட்டும்தான் சேர்க்கும்.

ஈனும் நேரம் தவிர மற்ற நாளில் பனிக்குட நீரின் வாசனை ஆட்டுக்குப் பிடிக்காது, விலகிப் போகும். ஈனும் தறுவாயில் அதே நீரைத் தேடி நக்கும். சில மணி நேரமே நீடிக்கும் விருப்பம் அது. அந்த நக்கலில்தான் குட்டியின் வாசனை பதிகிறது. இரண்டு மணி நேரம் ஒட்டியிருந்தால் போதும், அதன் பிறகு வேற்றுக் குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும். இதைத் தொடங்கிவைப்பது குட்டி வெளியே வரும்போது கருப்பை வாய் விரியும் விரிவு. அந்த நரம்புச் சேதி மூளைக்குள் ஆக்ஸிடோசினை அவிழ்த்துவிடுகிறது. முதுகில் மரப்பூசி போட்டு அந்தச் சேதியை மறித்தால், தலையீற்று ஆடு குட்டியைக் கண்டுகொள்ளாமல் நின்றுவிடும். ஹார்மோன் கொடுத்துத் தயார்படுத்திய, ஈனாத ஆட்டுக்குக் கையால் ஐந்து நிமிடம் அந்த விரிவை உண்டாக்கினால் குட்டியை நக்கத் தொடங்கிவிடும் என்று 1983இலேயே காட்டிவிட்டார்கள்.

ஆகவே தாயில்லாக் குட்டியை வேறு ஆட்டோடு சேர்ப்பவர்கள் நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும். சேர்க்க வேண்டிய குட்டியை, வாங்கும் ஆடு தன் குட்டியை ஈனும்போதே பக்கத்தில் வைத்திருங்கள். பனிக்குட நீரை வாளியில் பிடித்து, குட்டியின் தலை, முதுகு, வாலடி முழுக்கத் தடவி, ஆடு முதலில் நக்குவது அதையாக இருக்கும்படி முகத்துக்கு நேரே விடுங்கள். நடமாடும் வயதுக் குட்டியாக இருந்தால் கால்களைத் தளர்வாகக் கட்டிக் கொஞ்ச நேரம் படுக்க வையுங்கள். பிறந்ததும் எழுந்து ஓடும் குட்டியை ஆடு சந்தேகப்படும். ஆட்டின் சொந்தக் குட்டி செத்துப் பிறந்திருந்தால் அதன் தோலை உரித்து, கால் துளைகளோடு சட்டை போல மாட்டலாம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் விடாதீர்கள், அழுகும். ஒரேயடியாகக் கழற்றாமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். வாலடித் தோல் கடைசியில் போகட்டும், ஆடு மோந்து பார்ப்பது அங்கேதான்.

பாசம் படியும்வரை குட்டி காத்திருக்காது. சீம்பால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். முதல் நாளில் கிலோ எடைக்கு 200 மில்லி என்பது கணக்கு. நாலு கிலோ குட்டிக்கு 800 மில்லி, அதை நாலு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள்.

பட்டியில் தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஆடு ஈன்ற இடத்தை விட்டு அவசரப்பட்டு நகர்த்திவிடுவார்கள். பனிக்குட நீர் சிந்திய அந்த மண்தான் ஆட்டை அங்கே கட்டிப்போட்டிருக்கிறது. இரட்டைக் குட்டி போட்ட தலையீற்று ஆட்டை அரை மணியில் நகர்த்தினால், ஒன்றைக் கூட்டிக்கொண்டு மற்றதை மறந்துவிடும்.

அடைக்குருவி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பாசமும் கைவிடலும் ஒரே கணக்கில்தான் இருக்கின்றன. இந்த முறை எத்தனை, இனி வரும் முறைகளுக்கு எத்தனை என்ற பங்கீடு அது.

எளிய சான்று முட்டை எண்ணிக்கை. ஆக்ஸ்போர்டை ஒட்டிய வைத்தம் காட்டில் பெரிய பட்டாணிக் குருவியைப் பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுக்கிறார்கள். குருவி சராசரியாக எட்டு ஒன்பது முட்டை இடுகிறது. ஆனால் அதிகக் குஞ்சு பிழைப்பது 12 முட்டைக் கூட்டில். குருவி தப்புக் கணக்குப் போடுகிறதா? 1987இல் வந்த விளக்கம், நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் மாறி மாறி வருவதைப் பற்றியது. கெட்ட ஆண்டில் பெரிய கூடுதான் அதிகமாக அடிபடுகிறது. தலைமுறைகளைப் பெருக்கிப் பார்க்கும்போது ஒரு மோசமான ஆண்டின் அடி பல நல்ல ஆண்டின் ஆதாயத்தைத் தின்றுவிடுகிறது. இதோடு தாயின் தேய்மானத்தையும் சேருங்கள். கூட்டில் கூடுதல் குஞ்சு வைத்துப் பார்த்த சோதனையில், சிறிய வல்லூறு வகையான கெஸ்ட்ரல்களில், அதிகக் குஞ்சு வளர்த்தவை சீக்கிரம் இறந்தன.

கைவிடுவது எப்போது? நீண்ட நாள் பட்டினி கிடந்து அடைகாக்கும் கடற்பறவைகளில் இது துல்லியமாகத் தெரியும். நீலப் பெட்ரல், அரச பெங்குவின் போன்றவை உடல் கொழுப்பை எரித்துக்கொண்டு முட்டை மேல் உட்கார்ந்திருக்கும். கொழுப்பு தீர்ந்து தசைப் புரதத்தில் கைவைக்கும் கட்டம் வந்ததும் புரோலாக்டின் இறங்குகிறது, நெருக்கடி ஹார்மோனான கார்டிகோஸ்டிரோன் ஏறுகிறது, பறவை எழுந்து கடலுக்குப் போய்விடுகிறது. துணை இன்னும் திரும்பவில்லை என்றால் முட்டை போயிற்று. அந்த வரம்பு சாவுக்குச் சற்று முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. கடலுக்குப் போய் இரை தேடத் தெம்பு மிச்சம் இருக்கும்.

பழுப்புக் கரடி இதை இன்னும் முன்கூட்டியே செய்கிறது. இணை சேர்வது கோடையின் தொடக்கத்தில். கரு சில நூறு செல்களோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு கருப்பையில் மிதக்கும். குளிருக்குக் குகைக்குள் போகும் சமயத்தில்தான் ஒட்டுகிறது. அப்போது உடலில் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் குட்டி பிறப்பதே இல்லை. தாயிடம் இருக்கும் சேமிப்பை எடை போட்ட பிறகே கர்ப்பம் தொடங்குகிறது.

சேமிப்பில் வளர்ப்பவையும் அன்றாட வரவில் வளர்ப்பவையும் வேறு வேறு முடிவு எடுக்கும். முகமூடி போல மூக்கை ஊதும் ஹூடட் சீல், பனித்தட்டின் மேல் நாலே நாள் பாலூட்டிவிட்டுப் போய்விடுகிறது. பாலில் 60 சதவீதம் கொழுப்பு, குட்டி நாளுக்கு ஏழு கிலோ ஏறுகிறது. அன்டார்க்டிக் உரோமச் சீலோ சில நாள் கடலில் மேய்ந்து, ஓரிரு நாள் கரையில் ஊட்டி, மாதக்கணக்கில் இப்படியே போய் வருகிறது. இரை தூரம் போன ஆண்டில் பயணம் நீளும். குட்டி கரையில் காத்துக் கிடக்கும்.

அச்சமும் தராசில் ஏறும். எல்லோஸ்டோனுக்குத் தெற்கே பழுப்புக் கரடிகள் திரும்பி வந்த பத்தாண்டுகளில், சினை மூஸ் மான்கள் ஈனும் இடத்தை ஆண்டுக்கு ஆண்டு தார்ச்சாலைக்கு அருகே நகர்த்தின. கரடி சாலையைத் தவிர்க்கும் என்பதால் சாலையோரம் பாதுகாப்பு. சினை இல்லாத மான்கள் இப்படி நகரவில்லை. ஸ்காண்டிநேவியக் கரடிகளிலும் இதே கதை. வேற்று ஆண் கரடி குட்டியைக் கொல்லும் இணைசேர் பருவத்தில், குட்டியுள்ள தாய்கள் மனிதக் குடியிருப்புகளுக்கு அருகே ஒண்டுகின்றன.

எத்தியோப்பியாவின் சிமியன் மலையிலுள்ள கெலடா குரங்குகளில் புது ஆண் கூட்டத்தைப் பிடித்ததும் சினைப் பெண்களில் சுமார் 80 சதவீதம் கருவை இழக்கின்றன. பிறந்தால் அவன் கொல்லப்போகும் குட்டி. மீதி மாதங்களைச் செலவழிக்காமல் அடுத்த கருவுக்குத் திரும்பிவிடுகின்றன. சுண்டெலியில் 1959இலேயே ஹில்டா புரூஸ் இதைப் பார்த்திருந்தார். அங்கே வேற்று ஆணின் வாசனையே போதும். கரு ஒட்டுவதற்கு முந்தைய நாட்களில் மட்டும்தான் அது வேலை செய்யும். மூஞ்சூறு, உங்கள் ஆய்வகத்தில் சுண்டெலியும் இருந்தால் சினைப் பெண்ணை ஒருத்தனோடு சேர்த்துவிட்டு இன்னொருத்தன் கூண்டின் படுக்கையைப் போடாதீர்கள்.

ஸ்வீடனில் குட்டியோடு இருக்கும் தாய்க் கரடியைச் சுடச் சட்டம் விடுவதில்லை. அங்கே ஒன்றரை ஆண்டில் குட்டியைப் பிரித்துவிடும் வழக்கம் குறைந்து, இரண்டரை ஆண்டுவரை கூடவே வைத்துக்கொள்ளும் தாய்கள் கூடியிருக்கின்றன. சட்டத்துக்கு ஏற்பத் தாய்கள் முடிவை மாற்றிக்கொண்டுவிட்டன.

குளவிக்கூடு

கடைசிப் பத்தியில் மட்டும் உடன்பாடில்லை, அடைக்குருவி. குட்டியைச் சீக்கிரம் பிரிக்கும் தாய் தனியாகிறது, சுடப்படுகிறது. நீண்ட நாள் வைத்திருக்கும் தாய் பிழைக்கிறது. கூட்டத்தில் இரண்டாவது வகையின் பங்கு ஏறுவதற்கு எந்தக் கரடியும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே தாய் முந்தைய ஈற்றில் ஒன்றரை ஆண்டும் அடுத்த ஈற்றில் இரண்டரை ஆண்டும் வைத்திருந்ததா என்று தனித்தனி விலங்காகப் பின்தொடர்ந்தால்தான் முடிவு மாற்றம் என்று சொல்ல முடியும். மூஸ் மான் கணக்குக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

விலங்கு விளைவைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. விளைவோடு சேர்ந்து வரும் ஒரு அளவைப் பார்க்கிறது. கடற்பறவை எரிபொருளைப் பார்க்கிறது, ஆடு கருப்பை வாயின் விரிவைப் பார்க்கிறது. எந்த அளவை வாசிக்கிறது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை. பூச்சிகளில் அதைப் பிரித்துக் காட்டுவது எளிது.

குழி தோண்டும் ஸ்பெக்ஸ் குளவி, மயக்கிய வெட்டுக்கிளிகளைக் குழியில் சேர்த்து முட்டையிடும். சில நேரம் இரண்டு குளவிகள் அறியாமல் ஒரே குழிக்கு இரை கொண்டுவந்து, ஒரு நாள் நேருக்கு நேர் சந்தித்துச் சண்டை போடும். குழியில் மொத்தம் எத்தனை வெட்டுக்கிளி இருக்கிறதோ அதுதான் பரிசு. அதிக இரை இருந்தால் அதிக நேரம் சண்டை போட வேண்டும். 1980இல் டாக்கின்ஸும் பிராக்மனும் பார்த்தபோது, ஒவ்வொரு குளவியும் தான் கொண்டுவந்த எண்ணிக்கைக்கு ஏற்பவே போராடியது. மற்றவள் கொண்டுவந்தது கணக்கில் இல்லை. தன் உழைப்பின் எண்ணிக்கை குளவிக்குத் தெரியும், குழியின் மொத்தம் தெரியாது. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றுதான் என்பதால் அந்த அளவுகோலே போதுமானதாக இருந்திருக்கிறது.

நசோனியா என்ற சிறு குளவி, ஈயின் கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடும். கருவுற்ற முட்டை பெண், கருவுறாதது ஆண். ஆகவே ஒவ்வொரு முட்டைக்கும் பால் தீர்மானிப்பது தாயின் கையில். மகன்கள் அங்கேயே அக்கா தங்கைகளோடு சேர்ந்து முடிப்பதால், ஒற்றைத் தாய் மட்டும் முட்டையிட்ட கூட்டில் ஒன்றிரண்டு மகன் போதும். n தாய்கள் ஓரிடத்தில் முட்டையிட்டால் மகன்களின் பங்கு (n-1)/2n ஆக வேண்டும் என்று ஹாமில்டன் 1967இல் கணக்குப் போட்டார். இரண்டு தாய்க்குக் கால் பங்கு, மூன்றுக்கு மூன்றில் ஒன்று. ஏற்கெனவே முட்டையிடப்பட்ட கூட்டுக்கு வரும் இரண்டாம் தாய், உண்மையிலேயே மகன்களின் பங்கை ஏற்றுகிறது.

பழ ஈ இன்னொன்று. இணை சேர்ந்த பெண் ஈ ஆணை உதைத்துத் தள்ளும், முட்டை வைக்கும், சர்க்கரையை விட்டு ஈஸ்டுப் புரதத்தையும் உப்பையும் தேடும். இவ்வளவையும் செய்வது ஆணின் விந்து நீரில் வரும் 36 அமினோ அமிலம் கொண்ட ஒரு சிறு புரதம். அது விந்தணுவின் வாலில் ஒட்டிக்கொண்டு சிறுகச் சிறுக அவிழ்வதால் விளைவு ஒரு வாரத்துக்கும் நீடிக்கிறது. முட்டை செய்யப் புரதம் வேண்டும் என்பதால்தான் தேடுகிறதா என்று பார்க்க, முட்டையே உண்டாகாத பெண் ஈக்களைச் சோதித்தார்கள். அவையும் இணை சேர்ந்த பின் ஈஸ்டையும் உப்பையும் தேடின. பற்றாக்குறை வரும்வரை காத்திருக்காமல், இணை சேர்ந்த சேதியைக் கேட்டே பசி மாறிவிடுகிறது.

கடைசியாக ஆக்டோபஸ். முட்டையிட்டதும் தீனியை நிறுத்தி, முட்டைகளைக் காத்து, குஞ்சு பொரித்ததும் சாகும். 1977இல் வோடின்ஸ்கி கண்ணுக்குப் பின்னால் உள்ள பார்வைச் சுரப்பிகளை வெட்டி எடுத்தார். தாய் முட்டைகளை விட்டுவிட்டு மறுபடி இரை பிடித்துத் தின்று, எடை ஏறி, அதிக நாள் வாழ்ந்தது. தன்னை அழித்துக்கொள்ளும் தாய்ப்பாசம் என்று எழுதப்படும் ஒன்று, இரண்டு சிறு சுரப்பிகளில் உட்கார்ந்திருக்கிறது.

மூஞ்சூறு

மிக்க நன்றி. பட்டினியையும் டி பாதையையும் கைவிட்டாயிற்று. இன்னும் இரண்டு. வெள்ளெலிகள், ஹாம்ஸ்டர்கள், குட்டியைத் தின்பதைப் பதற்றம் என்று எடுத்துக்கொள்வதா, கணக்கு என்று எடுத்துக்கொள்வதா? குட்டிகளைக் கவ்விச் சேர்க்கும் சோதனையையும் கூட வைத்தால் என்னென்ன கவனிக்க வேண்டும்?

நெடுவால்

இரண்டும் உண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும். 1977இல் தங்க ஹாம்ஸ்டரில் செய்த சோதனையில், பிறந்த குட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். குட்டிகளைச் சேர்த்த தாய்கள் அதிகம் தின்றன, எடுத்துவிட்ட தாய்கள் குறைவாகத் தின்றன. இது எண்ணிக்கையைத் தன் வசதிக்கு இறக்கும் செயல். முதல் வாரத்தில் கூண்டைச் சுத்தம் செய்து கூட்டின் வாசனையைக் கலைத்தாலும், குட்டியைக் கையில் எடுத்தாலும், தண்ணீர் தீர்ந்தாலும் தின்னும், அது வேறு. முதலாவதில் ஒன்றிரண்டு குறைந்து நின்றுவிடும். இரண்டாவதில் பெரும்பாலும் முழு ஈற்றும் போய்விடும்.

குட்டி சேர்க்கும் சோதனைக்கு: ஈன்ற மறுநாளே ஒவ்வொரு ஈற்றையும் எட்டுக் குட்டிக்குக் கொண்டுவாருங்கள், முடிந்தால் நான்கு ஆண் நான்கு பெண். சோதனை நாளில் குட்டிகளை மூன்று மணி நேரம் பிரித்து, கூட்டின் சூட்டில், 34 டிகிரி செல்சியஸ் அளவில் வையுங்கள். சூடு குறைந்த குட்டியின் குரல் மாறிவிடும், நேரமும் மாறிவிடும். பிரிவு எவ்வளவு என்பது எல்லாத் தாய்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிவு நீண்டால் நாட்டம் ஏறும். பிறகு கூட்டுக்கு எதிர்ப்புறம் எட்டையும் சிதறி வைத்து, 15 நிமிடம் படம் பிடியுங்கள். முதல் மோப்பம், முதல் குட்டியைக் கவ்வியது, எட்டாவது கூட்டில் சேர்ந்தது, முதுகு வளைத்து நின்றது, நான்கு நேரங்களையும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தால் தயக்கம். கவ்வத் தொடங்கி நடுவில் விட்டால் கவனம் வேறெங்கோ போயிருக்கிறது.

அறை வெப்பத்தையும் குறித்து வையுங்கள். தாய் எலி பாலூட்டலை நிறுத்தி எழுந்து போவது பெரும்பாலும் குட்டிக்கு வயிறு நிறைந்ததால் இல்லை, தன் உடல் சூடு ஏறியதால். குட்டிகளின் சூடும் பால் சுரப்பின் சூடும் சேர்ந்து அதைக் கொதிக்க வைக்கின்றன. பாலூட்டும் சுண்டெலியின் முதுகு ரோமத்தை மழித்தால் அதிகம் தின்று அதிகம் பால் கொடுத்துக் குட்டியைக் கனமாக வளர்க்கிறது. அறை இரண்டு மூன்று டிகிரி ஏறிய நாளில் தாய் குட்டியை விட்டு விலகிப் படுத்தால் அதை அக்கறைக் குறைவு என்று கணக்கில் ஏற்றிவிடாதீர்கள்.

நாட்டத்தின் அளவு தெரிய வேண்டுமானால் விலை வையுங்கள். 1969இல் செய்த பழைய சோதனையில், நெம்புகோலை அழுத்தினால் ஒரு குட்டி சரிவில் வழுக்கி வந்து விழும். தாய் அதைக் கூட்டில் சேர்த்துவிட்டு மறுபடி வந்து அழுத்தும். ஓர் எலி மூன்று மணி நேரத்தில் 684 முறை அழுத்திச் சேர்த்தது. இன்று ஒரு குட்டிக்கு ஓர் அழுத்தம், பிறகு மூன்று, ஆறு, பத்து என்று விலையை ஏற்றி, எந்த விலையில் நிறுத்துகிறது என்று பார்ப்பார்கள். ஐந்தாம் நாள், பத்தாம் நாள், பதினாறாம் நாள் என்று அதே தாயிடம் எடுத்தால், குளவிக்கூடு கேட்ட தனித்தனி விலங்குக் கணக்கும் கிடைத்துவிடும்.

கணக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. எட்டுக் குட்டி, பத்துத் தாய், எனவே 80 அளவீடு என்று போடாதீர்கள். ஒரு ஈற்றின் குட்டிகளுக்கு ஒரே பால், ஒரே கூடு, ஒரே தாய். அலகு தாய்தான், எண்ணிக்கை 10. நான்கு குழு, மூன்று நாள் என்று விரித்த பிறகு குழுவுக்குப் பத்துத் தாய் போதுமா என்று முதலில் பார்த்துவிட்டு எலிகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். சினை 21 முதல் 23 நாள் என்பதால், எல்லாத் தாய்களும் ஒரே வாரத்தில் ஈனும்படி இணை சேர்த்த தேதியையும் இப்போதே எழுதி வையுங்கள்.